சீனி உள்ளவர்களே, கிட்னி ரிப்போர்ட்டின் உச்சியைப் பாருங்கள்

அம்மாவுக்கு 66 வயது. கொழுந்து எடுத்தே காலம் போனவர். 14 வருடமாகச் சீனி. கால் வீங்குகிறது என்றதும் பயந்துபோய் ஹட்டன் டவுனில் ஒரு தனியார் லேபுக்குக் கூட்டிப் போனேன். பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்த நோட்டீஸை நம்பித்தான்: ‘சீனி உள்ளவர்களுக்கு முழுக் கிட்னி செக்கப், 4,500 ரூபா’.

ரிப்போர்ட்டில் யூரியா, சோடியம், பொட்டாசியம் என்று ஒன்பது வரி. கிரியேட்டினின், அதாவது தசையில் உண்டாகி கிட்னி வடிகட்டி வெளியேற்றும் கழிவு, 1.2. பக்கத்திலேயே 0.6 முதல் 1.3 வரை நார்மல் என்று அச்சடித்திருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து ஒரே அளவு. கவுண்டரில் இருந்த தம்பி, “அம்மாவுக்குக் கிட்னி நல்லா இருக்குங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து கிளினிக் கொப்பியைப் பிரித்தால், டொக்டர் எழுதச் சொன்ன ஈ.ஜி.எஃப்.ஆர் அந்த ஒன்பதில் இல்லை. போன் பண்ணினேன். “அது தனி டெஸ்ட், 800 ரூபா.” மறுநாள் போய்க் கட்டினேன். ஊசி குத்தவில்லை, பத்து நிமிடத்தில் தாள் வந்தது: 67. அப்போதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். ஈ.ஜி.எஃப்.ஆர் டெஸ்டே இல்லை, வெறும் கணக்கு. கிரியேட்டினின், வயது, ஆணா பெண்ணா. இந்த மூன்றையும் சூத்திரத்தில் போட்டால் கிட்னி நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீட்டர் வடிகட்டுகிறது என்று உத்தேசமாக வந்துவிடும். போனிலேயே சும்மா பார்க்கலாம்.

சரி, 67தானே என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். அம்மாவும் முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கும் டைக்லோஃபெனாக்கைத் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். அதுவே கிட்னிக்கு ஆகாது.

அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டர் தாளின் உச்சியைத்தான் முதலில் பார்த்தார். அம்மாவின் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில், ஆண் என்று இருந்தது. 2021இல் திருத்திய சூத்திரத்தில் அவரே தன் போனில் போட்டுக் காட்டினார். அதே 1.2, 66 வயது ஆணுக்குத்தான் அந்த 67. முப்பது வயது ஆணுக்கு 83. அம்மாவுக்கு 50.

“அம்மா 41 கிலோதானே? தசை குறைஞ்சா கிரியேட்டினினும் குறைவாத்தான் காட்டும். நிஜத்துல அம்பதுக்கும் கீழே இருக்கலாம்” என்றார்.

இன்னொன்று. லேபில் சிறுநீரில் புரதம் ‘இல்லை’ என்று போட்டிருந்தார்கள். பட்டை நனைத்துப் பார்க்கும் அந்தச் சோதனைக்குக் கொஞ்சமாகக் கசியும் அல்புமின் என்ற புரதம் சிக்காது. சீனியால் கிட்னி கெடத் தொடங்கினால் பலருக்கு முதலில் தெரிவது அந்தக் கசிவுதான். காலை முதல் சிறுநீரில் அல்புமினையும் கிரியேட்டினினையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. அம்மாவுக்கு 210. முழு செக்கப் என்று சொன்னதில் இது இல்லவே இல்லை!

டைக்லோஃபெனாக்கை டொக்டர் நிறுத்திவிட்டார். சீனிக்குப் போடும் மெட்ஃபோர்மின் இப்போதைக்கு இருக்கட்டும், ஈ.ஜி.எஃப்.ஆர் 45க்குக் கீழே போனால் அளவைக் குறைக்கலாம், 30க்குக் கீழே போனால் கூடவே கூடாது என்றார். ஒரு தடவை பார்த்து முடிவு சொல்ல முடியாதாம். மூன்று மாதத்தில் மறுபடி ஈ.ஜி.எஃப்.ஆர், அல்புமின் இரண்டையும் பார்க்க வேண்டும்.

லேபில் அந்த 800 ரூபாவைத் திருப்பிக் கேட்டேன். பில் கேட்டார்கள். கொண்டுபோனேன். மெனேஜர் இல்லை என்றார்கள். மூன்று முறை போயாகிவிட்டது. நோட்டீஸ் மட்டும் பஸ் ஸ்டாண்டில் புதுசாக ஒட்டியிருக்கிறது, இப்போது 4,900 ரூபா.