காமிக்ஸ் அடுக்க மர அலமாரியா, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியா?

லயன், முத்து காமிக்ஸ் இரண்டையும் விடாமல் வாங்குகிறவர்கள் வீட்டில் கட்டிலடியும் ஒருநாள் நிரம்பிவிடும், அப்புறம்தான் இந்தக் கேள்வி.

செலவு: பெட்டியை ஒவ்வொன்றாக வாங்கலாம். அலமாரிக்கு மொத்தமாகப் பணம் வேண்டும்.

எடுக்க: அலமாரியில் முதுகைப் பார்த்து உருவலாம். பெட்டியில் தேடுவது எப்போதும் அடியில்தான் கிடக்கும்.

பாதுகாப்பு: இங்கேதான் விஷயம். 1980களின் இதழ்களில் மட்டத் தாள் வெளிச்சம் பட்டே பழுப்பேறும், ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கையோடு வரும். அவற்றுக்குப் பெட்டிதான் சரி, ஆனால் மழைக்கால ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போடுங்கள். அலமாரியில் தூசியும் இராமபாணப் பூச்சியும்.

கெட்டி அட்டைப் புதுசுக்கு அலமாரி, பழசுக்குப் பெட்டி. பரண் மட்டும் வேண்டாம், மொட்டைமாடிச் சூடு நேராக இறங்கும்.