தடைக்காலத்துல "இன்னைக்குப் பிடிச்ச மீன்", வெஜ் தட்டுல ஜெலட்டின்: ஃபைன் டைனிங் லஞ்ச்னு போறவங்க இத படிச்சிட்டுப் போங்க

கொஞ்சம் நீளமா தான் எழுதப் போறேன், பொறுமையா படிங்க, ஏன்னா நாங்க நாலு பேரும் படிச்சவங்க, வேலைக்குப் போறவங்க, பில்ல பாத்து கேள்வி கேக்கத் தெரிஞ்சவங்க, எங்களையே இப்படி பண்ணிருக்காங்கன்னா பர்த்டேக்கு அம்மா அப்பாவ கூட்டிட்டுப் போறவங்கள என்ன பண்ணுவாங்கன்னு நெனச்சா தான் மனசு ஆறல.

பாளையங்கோட்டைல ஒரே ஹாஸ்டல் ரூம்ல இருந்த நாலு பேர் நாங்க. ஒருத்தி தூத்துக்குடி, ஒருத்தி கும்பகோணம், ஒருத்தி ஈரோடு, நான் மேலப்பாளையம். இப்ப எல்லாரும் சென்னைல தான் இருக்கோம் ஆனா வருஷத்துக்கு ஒரு தடவ பாக்குறதே கஷ்டம். கும்பகோணத்துக்காரிக்கு புனேக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்துடுச்சு, போறதுக்கு முன்னாடி ஒரு நாள் நல்லா உக்காந்து பேசி சாப்பிடணும்னு மே மாசம் ஒரு சனிக்கிழமை லீவு போட்டு பிளான் பண்ணோம். இன்ஸ்டால ரொம்ப நாளா கண்ணுல பட்டுட்டு இருந்த ஒரு இடம், பழைய பங்களாவ மாத்தி கட்டினது, மர ஜன்னல், முற்றத்துல பெரிய வேப்பமரம், பாக்கவே அழகா இருக்கும். செட் லஞ்ச் ஏழு கோர்ஸ், ஆளுக்கு 2,400 ப்ளஸ் ப்ளஸ், அதாவது சர்வீஸ் சார்ஜ், வரி ரெண்டும் தனி. பேரு இப்ப போடல, கம்ப்ளெயின்ட் குடுத்துருக்கேன், அது முடியட்டும்.

போன்ல டேபிள் புக் பண்ணும்போதே நான் ரெண்டு விஷயம் தெளிவா சொன்னேன். ஒருத்தி சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. நான் ஹலால் மட்டும் தான் சாப்பிடுவேன். அந்தப் பொண்ணு "நோட் பண்ணிட்டேன் மேம், சிக்கன் மட்டன் எல்லாமே ஹலால் தான், வெஜ்க்கு தனி மெனு இருக்கு"ன்னு சொல்லி வாட்ஸ்அப்ல கன்ஃபர்மேஷன் கூட அனுப்புச்சு. அந்த மெசேஜ் தான் பின்னாடி எங்களுக்கு கை குடுத்துச்சு, அதனால எங்க புக் பண்ணாலும் இத வாய்ல மட்டும் சொல்லாதீங்க, எழுத்துல வாங்கிக்கோங்க.

உக்காந்த உடனே "வெல்கம் ட்ரிங்க் கொண்டு வரேன் மேம்"னு நன்னாரி, எலுமிச்சை போட்டு ஏதோ ஒண்ணு வந்துச்சு, நல்லாவே இருந்துச்சு. தண்ணி எது வேணும், ஸ்டில்லா ஸ்பார்க்லிங்கான்னு கேட்டாங்க, சாதா தண்ணின்னு ஒரு சாய்ஸே அவங்க சொல்லல, நாங்களும் ஸ்டில்னு சொல்லிட்டோம், பாட்டில் காலியாக ஆக கேக்காமலே அடுத்தத தொறந்து ஊத்திட்டே இருந்தாங்க. முதல் மூணு கோர்ஸ் பத்தி சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, ரசம் ஆறிப்போயி வந்துச்சு, ஒரு கோர்ஸுக்கும் அடுத்த கோர்ஸுக்கும் நடுவுல அரை மணி நேரம், பேச்சு இருந்ததால அத பெருசா எடுத்துக்கல.

அடுத்து மீன் வந்துச்சு. மெனு கார்டுல "காசிமேடு டே கேட்ச் கொடுவா, மாங்காய் சாஸ்"னு போட்டு பக்கத்துல சின்னதா சப்ளிமென்ட் 650ன்னு இருந்துச்சு. அதாவது 2,400க்கு மேல 650. தூத்துக்குடிக்காரியும் நானும் அத சொன்னோம். தட்டு வந்து வெச்ச உடனே அவ சாப்பிடல, ஃபோர்க்க வெச்சு மெதுவா ஒரு ஓரத்த தள்ளிப் பாத்தா. அவ அப்பா மீன் ஏலக் கூடத்துலயே வாழ்க்கைய ஓட்டினவரு, இவ சின்ன வயசுல ஸ்கூல் போறதுக்கு முன்னாடி அவர் கூட கரைக்குப் போயிட்டு வந்தவ. கொடுவான்னா சதை கெட்டியா இருக்கும், சமைச்சா பெரிய பெரிய இதழா பிரிஞ்சு வரும், மேல தோலு நல்லா தடிமனா மொறுமொறுன்னு நிக்கும். இது தோலே இல்லாத வெள்ளைத் துண்டு, நடுவுல அமுக்கினா தண்ணி கசிஞ்சு சாஸோட கலக்குது, வாய்ல வெச்சா பஞ்சு மாதிரி, மீன் வாசனையே இல்ல. "இது பாசாடி"ன்னு மெதுவா எங்கிட்ட சொன்னா. பாசான்னா சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசர்ல பாக்கெட்டா கிடக்குமே, முள்ளே இல்லாத அந்த மீன். வியட்நாம்ல இருந்தும் வருது, ஆந்திராவுல குளம் குளமா வளக்குறாங்க. அத சாப்பிடுறதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா கொடுவா விலைக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது.

அப்புறம் அவ சொன்னது தான் எனக்கு சுருக்குன்னு பட்டுச்சு. "ஏய், இப்ப தடைக்காலம், காசிமேட்டுல எந்த விசைப்படகுடி போச்சு?" கிழக்குக் கடற்கரைல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், மீன் இனப்பெருக்கம் பண்ற நேரம்னு விசைப்படகு, இழுவைப்படகு எல்லாம் கரைல தான் நிக்கும். நாட்டுப்படகு, ஃபைபர் போட்டுக்காரங்க கிட்டக்க போயிட்டு வருவாங்க, அதனால நல்ல மீன் சுத்தமா வராதுன்னு சொல்ல முடியாது, ஆனா வர்றது கொஞ்சம், விலையும் ஏறிக் கிடக்கும். கொடுவா வளர்ப்பு மீனாவும் கிடைக்குது தான், உவர்நீர்ப் பண்ணைல வளத்தது, அதுவும் ருசியான மீன் தான். அப்ப வளர்ப்பு மீன்னு போடணும். மே மாசம் அச்சடிச்ச கார்டுல "டே கேட்ச்"னு போட்டு சப்ளிமென்ட் வாங்குறவங்க எந்தப் படகுல இருந்து வாங்கினோம்னு சொல்லத் தயாரா இருக்கணும்ல?

கூப்பிட்டுக் கேட்டோம். சர்வ் பண்ண பையன் உள்ள போயிட்டு வந்து "செஃப் சீ பாஸ் தான்னு சொல்றாரு மேம்"னான், கொடுவாவத் தான் இங்கிலீஷ்ல அப்படி சொல்றாங்க. முழு மீன் இல்லன்னா வெட்டின தலை, தோலு ஏதாவது காட்டுங்கன்னு இவ கேட்டா. மறுபடி போனான், பத்து நிமிஷம் கழிச்சு மேனேஜர் வந்தாரு, குரல தாழ்த்திக்கிட்டு "இன்னைக்கு கேட்ச் வரல மேம், அதனால சப்ஸ்டிட்யூட் பண்ணிருக்கோம், ப்ரிப்பரேஷன் சேம் தான்"னு சொன்னாரு. பத்து நிமிஷம் முன்னாடி சீ பாஸ், இப்ப சப்ஸ்டிட்யூட். கேக்கலன்னா கொடுவா, கேட்டா தான் உண்மை. சுத்தி இருந்த டேபிள்ல எல்லாம் மெல்லமா பேசிட்டு இருக்காங்க, நாங்க மட்டும் சத்தமா பேசுற மாதிரி ஆயிடுச்சு, ஈரோட்டுக்காரி "விடுங்கடி, இன்னைக்கு நாள கெடுத்துக்க வேணாம்"னா. நானும் விட்டுட்டேன். இங்க தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது, இந்த மாதிரி இடத்துல நமக்கு வர்ற கூச்சம் இருக்கே, வெள்ளைத் துணி விரிச்ச மேஜைல உக்காந்து மீனு சரியில்லன்னு சொல்றதா, காசு விஷயம் பேசுறதான்னு, அந்தக் கூச்சத்த நம்பித்தான் அவங்க இத தைரியமா பண்றாங்க. தெரு முனை மெஸ்ல இதே பண்ணிருந்தா அந்த நிமிஷமே எழுந்து கேட்டிருப்போம்.

ஆனா அடுத்து நடந்தத என்னால விட முடியல. கடைசி கோர்ஸ் ஸ்வீட், எல்லாருக்கும் ஒரே ஐட்டம், இளநீர் பன்னா கோட்டா, ஜெல்லி மாதிரி செட் பண்ற புட்டிங், மேல கருப்பட்டி பாகு. கும்பகோணத்துக்காரி தட்டுல ஒரு சின்ன பச்சைக் கொடி குத்தி வெச்சிருந்தாங்க, வெஜ்னு காட்டுறதுக்கு. அவ ஆசையா சாப்பிட ஆரம்பிச்சா, பாதிக்கு மேல முடிச்சிட்டா. நான் ஒரு ஸ்பூன் வாய்ல வெச்ச உடனே நின்னுட்டேன். எங்க வீட்டுல நோன்பு மாசம் முழுக்க கடப்பாசி, அதான் கடல்பாசில இருந்து எடுக்குற சைனா கிராஸ், காய்ச்சுவோம், பால்ல, இளநீர்ல, ரோஸ்மில்க்ல, சின்ன வயசுல இருந்து அத சாப்பிட்டு வளந்தவ நான். கடப்பாசி வாய்ல கரையாது. பல்லுல பட்டா டக்குனு உடையும், வெயில்ல வெளிய வெச்சாலும் அப்படியே நிக்கும், கொதிக்கிற அளவுக்கு சூடு ஏத்தினா தான் திரும்ப இளகும். இது நாக்குல வெச்ச உடனே உருகி வழவழன்னு ஓடுது, தட்டு ஓரத்துல ஏசி காத்து படாத பக்கம் லேசா இளகி வழிய ஆரம்பிச்சிருக்கு. அது ஜெலட்டின் பண்ற வேலை, ஜெலட்டின் நம்ம உடம்பு சூட்டுக்கே கரைஞ்சிடும். மாட்டு எலும்பு, தோலு, பன்னித் தோலு, மீன் தோலு இதுல இருந்து தான் ஜெலட்டின் எடுக்குறாங்க, செடில இருந்து வர்ற ஜெலட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

கேட்டேன். "வெஜ் தான் மேம், கொடி வெச்சிருக்கோமே"ன்னான். எத போட்டு செட் பண்ணீங்க, அந்த பாக்கெட்ட கொண்டு வாங்கன்னு சொன்னேன். இந்த தடவ நான் குரல தாழ்த்தல. கொஞ்ச நேரத்துல கிச்சன்ல இருந்து ஒரு சின்னப் பையன் வந்தான், இருபது வயசு கூட இருக்காது, ஏப்ரன்ல கைய தொடச்சிக்கிட்டே பாக்கெட்ட நீட்டினான், அவனுக்கு நாங்க ஏன் கேக்குறோம்னே யாரும் சொல்லி அனுப்பல போல. திருப்பிப் பாத்தா, பிரவுன் கலர் கட்டத்துக்குள்ள பிரவுன் முக்கோணம். நம்ம நாட்டுல பாக்கெட்ல விக்கிற அசைவத்துக்கு போடுற அடையாளம், யாரு வேணா பாத்து தெரிஞ்சுக்கலாம். எந்த மிருகத்துல இருந்து எடுத்ததுன்னு அதுல போடவே இல்ல, அதனால எனக்கும் அது ஆகாது. அந்தப் பையன் மேல எனக்கு கோவமே இல்ல, அவன் தான் அந்தக் கட்டடத்துலயே எங்ககிட்ட உண்மையக் கொண்டு வந்து காட்டினவன்.

கும்பகோணத்துக்காரி ஒரு வார்த்தை பேசல. ஸ்பூன கீழ வெச்சா, நாப்கின எடுத்து வாய தொடச்சா, எழுந்து வாஷ்ரூம் போனா, ரொம்ப நேரம் வரல. நாப்பது வயசு ஆகப்போகுது, பொறந்ததுல இருந்து முட்டை போட்ட கேக் கூட தொடாதவ, எங்க ஹாஸ்டல் மெஸ்ல கூட தனி கரண்டி வெச்சிருந்தவ, நாங்க அத மதிச்சு நாலு வருஷம் ஒரே ரூம்ல இருந்தோம். அவள வழியனுப்ப நான் செலக்ட் பண்ண இடம் இது. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

பில் வந்துச்சு, அப்படியே சொல்றேன். செட் லஞ்ச் நாலு பேருக்கு 9,600. வெல்கம் ட்ரிங்க் நாலு, ஒண்ணு 450, மொத்தம் 1,800. தண்ணி மூணு பாட்டில் 1,050. மீன் சப்ளிமென்ட் ரெண்டு 1,300, ஆமா, மாத்தி வெச்சேன்னு அவங்களே ஒத்துக்கிட்ட அதே மீனுக்கு. ஆக 13,750. அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ் 10 பர்சன்ட் 1,375. அந்த சர்வீஸ் சார்ஜையும் சேத்து மொத்தத்துக்கு ஜிஎஸ்டி 5 பர்சன்ட் 756 ரூபா 25 காசு. 15,881 கட்டணும்.

சர்வீஸ் சார்ஜ் விஷயம் நல்லா தெரிஞ்சு வெச்சுக்கோங்க. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ம் தேதியே கைட்லைன்ஸ் போட்டுட்டாங்க, ஹோட்டலோ ரெஸ்டாரன்ட்டோ தானா பில்லுல சர்வீஸ் சார்ஜ் சேக்கக் கூடாது, வேற பேருலயும் வாங்கக் கூடாது, கட்டுன்னு வற்புறுத்தக் கூடாது. ரெஸ்டாரன்ட் சங்கங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2025 மார்ச் 28ம் தேதி டெல்லி ஹைகோர்ட் அந்த கைட்லைன்ஸ் செல்லும்னு சொல்லிடுச்சு. நான் இத சொன்ன உடனே மேனேஜர் "அது ஆப்ஷனல் மேம்"னு சொல்லிட்டு எடுத்துட்டாரு. ஆப்ஷனல்னா முதல்ல கேட்டுட்டுல சேக்கணும்? மீன் சப்ளிமென்ட்டும் எடுத்தாச்சு. வெல்கம் ட்ரிங்க் மட்டும் "மெனுல விலை போட்டிருக்கு மேம்"னு விடல. தண்ணிக்கு நாங்க சண்டை போடல, ஏன்னா ரெஸ்டாரன்ட்ல உக்காந்து குடிக்கிற பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல வாங்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2017லயே சொல்லிருக்கு, அதனால முதல்லயே சாதா ஃபில்டர் தண்ணி குடுங்கன்னு வாய் விட்டு கேட்டுடுங்க. கடைசில 13,073 கட்டிட்டு வந்தோம். அடுத்த தடவைக்கு 20 பர்சன்ட் டிஸ்கவுன்ட் கூப்பன்னு ஒரு கவர நீட்டினாரு, கும்பகோணத்துக்காரி தான் "வேணாம் சார்"னு திருப்பிக் குடுத்தா.

இன்னொண்ணு, பில்லுல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் நம்பர் இருக்கணும், 2022 ஜனவரில இருந்து அது கட்டாயம். எங்க பில்லுல இல்ல, கேட்டு தனியா எழுதி வாங்கினேன். அந்த நம்பர் இல்லன்னா கம்ப்ளெயின்ட் பண்றப்ப ரொம்ப அலையணும். ஜிஎஸ்டி தனி ரெஸ்டாரன்ட்டுக்கு 5 பர்சன்ட், ரூம் வாடகை 7,500க்கு மேல வாங்குற பெரிய ஹோட்டலுக்குள்ள இருக்குற ரெஸ்டாரன்ட்னா 18 பர்சன்ட், ப்ளஸ் ப்ளஸ்னு போட்டிருந்தா அந்த ரெண்டு ப்ளஸ்ஸும் என்னன்னு புக் பண்ணும்போதே கேளுங்க. சைவம், ஹலால் பாக்குறவங்க பன்னா கோட்டா, மூஸ், சீஸ்கேக், மார்ஷ்மெல்லோ எது வந்தாலும் கடப்பாசியா ஜெலட்டினான்னு கேட்டுட்டு வாய்ல வைங்க, வெயிட்டர் சொல்றத நம்பாம பாக்கெட்ட காட்டச் சொல்லுங்க, நம்ம தட்டுல இருக்குறது என்னன்னு கேக்க நமக்கு முழு உரிமை இருக்கு.

திங்கக்கிழமை காலைல 1915க்கு போன் பண்ணி நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணேன், தமிழ்லயே பேசினாங்க, டாக்கெட் நம்பர், அதாவது புகார் எண் வந்துடுச்சு. ஜெலட்டின் விஷயத்த எஃப்எஸ்எஸ்ஏஐயோட ஃபுட் சேஃப்டி கனெக்ட் ஆப்ல தனியா போட்டேன், பாக்கெட் போட்டோ, பச்சைக் கொடி குத்தின தட்டு போட்டோ, வாட்ஸ்அப் கன்ஃபர்மேஷன் மூணும் சேத்து. ரெஸ்டாரன்ட்ல இருந்து ஒரு மெயில் வந்துச்சு, "கிச்சனில் ஏற்பட்ட தகவல் தொடர்பு இடைவெளி"ன்னு எழுதிருக்காங்க. சாரி கேட்டது என்கிட்ட மட்டும். சாப்பிட்டது அவ, அவகிட்ட யாரும் இன்னும் கேக்கல, அதையே பதிலா எழுதி அவ பேரு, மெயில் ஐடி குடுத்து அனுப்பிருக்கேன், அவ புனே போய் சேந்துட்டா. என்ன பதில் வந்தாலும் இதுக்குக் கீழயே எழுதுறேன்.