பாரிஸின் பொதுப் பெட்டியும் லண்டன் புக்கியும்

பந்தயக் குதிரை எங்கே ஓடினாலும் ஓட்டம் ஒன்றுதான். அதற்குக் கொள்ளு வாங்கும் காசு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பிரான்சும் பிரிட்டனும் பிரிகின்றன. நான் குதிரை வளர்ப்பவனாக இருந்தால் பிரான்சுக்கே போவேன்.

அங்கே குதிரைமேல் பணம் கட்ட, 1860-களில் பாரிஸ் தொழிலதிபர் ஜோசப் ஒல்லேர் கொண்டுவந்த முறைதான் இன்றும். கட்டுகிற பணமெல்லாம் ஒரே பெட்டியில் விழும். 1,000 யூரோ சேர்ந்தது, அதில் 250 கழிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 750-ஐ ஜெயித்தவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். எந்தக் குதிரை முந்தினாலும் பெட்டிக்கு நஷ்டமில்லை. தாங்களே விலை சொல்லிப் பந்தயப் பணம் வாங்கும் புக்கிகளை 1891-லேயே சட்டம் வெளியேற்றிவிட்டது. இந்தப் பெட்டியை நடத்த 1930-ல் தொடங்கிய பிஎம்யு நிறுவனம், பந்தயங்களை நடத்தும் சங்கங்களின் கையில் இருக்கிறது. அதன் லாபம் பரிசுப் பணமாக உரிமையாளர், பயிற்சியாளர், ஜாக்கி என்று இறங்குகிறது.

பிரிட்டனில் புக்கி தன் காசை வைத்து எதிராடுகிறார். 5-க்கு 1 (ஒன்று கட்டி ஜெயித்தால் ஐந்து லாபம்) என்று விலை பேசிவிட்டால் பேசியதுதான். பெட்டி முறையிலோ, கட்டுவது நிற்கும்வரை கடைசி விலை தெரியாது. பணம் கட்டுகிறவருக்குப் புக்கி வசதி, பந்தயத்துக்கு அப்படியல்ல. புக்கியின் மொத்த லாபத்தில் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் உள்ளதில் 10 சதவீதம்தான், 2017 முதல், லெவியாக (பந்தயத் துறைக்கான கட்டாய வரியாக) வருகிறது. ரசிகர்கள் அள்ளிக்கொண்டு போனால் அதுவும் சுருங்கும். (அதாவது, ரசிகர் தோற்றால்தான் குதிரைக்குத் தீனி!) மிச்சத்தை ஒளிபரப்பு உரிமையும், உரிமையாளர்களே கட்டும் நுழைவுக் கட்டணமும் ஈடுகட்டுகின்றன.