பழைய பிக்கப்பில் விட்டு விட்டு ஓடும் வைப்பர்: மூன்று மழைக்காலம் ஓட்டிப் பார்த்த பிறகு

என் பிக்கப்பில் வைப்பருக்கு இரண்டே வேகம்தான். கொட்டும் மழைக்கு அது தாராளமாகப் போதும், தொல்லையெல்லாம் தூறலில்தான். போட்டால் இரண்டாவது துடைப்பிலேயே கண்ணாடி காய்ந்து, ரப்பர் கரகரவென்று இழுக்கும். அணைத்தால் சற்று நேரத்தில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் ஒவ்வொரு துளியிலும் சிதறி, ரோடே தெரியாது. தூறல் நிற்கும்வரை கை சுவிட்சைப் போடுவதும் அணைப்பதுமாகவே இருக்கும். வளைவில் கியர் மாற்றும் நேரத்தில் இது நிஜமாகவே ஆபத்து.

புது வண்டிகளில் இருப்பதுபோல் விட்டு விட்டுத் துடைக்கும் வசதியை நானே சேர்த்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. இந்த வண்டிக்கு நான் செய்த வேலைகளில் ஓட்டும்போது அதிகம் உதவுவது இதுதான்.

ஆரம்பத்தில் இதை ரொம்பச் சுலபமாக நினைத்துவிட்டேன். மெதுவேக ஒயருக்கு ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக அவ்வப்போது 12 வோல்ட் கொடுத்தால் சரி என்று கணக்கு. இணைத்துச் சாவியைத் திருப்பினேன். ரிலே ஒரே ஒரு 'டிக்', ஃபியூஸ் போய்விட்டது. காரணம் புரிய ஒரு மாலை முழுக்க ஆனது.

வைப்பர் மோட்டாருக்குள் பார்க் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. நாம் அணைத்த பிறகும் வைப்பர் கை பாதிக் கண்ணாடியில் நிற்காமல் கீழே போய்ப் படுப்பது அதனால்தான். கை மேலே இருக்கும்வரை அது மோட்டாருக்கு 12 வோல்ட் தருகிறது. கீழே வந்ததும் அதே ஒயரை எர்த்தில், அதாவது வண்டியின் இரும்பு உடலில், இணைத்து மோட்டாரைப் பிரேக் போட்டதுபோல் நிறுத்துகிறது. முக்கிய சுவிட்ச் அணைந்திருக்கும்போது மெதுவேக ஒயரும் இந்தப் பார்க் ஒயரும் ஒன்றாகத்தான் இருக்கும். அங்கே நான் நேராகக் கரண்ட் கொடுத்தால் அது எர்த்துக்குத்தானே போகும்!

வழி எளிது. அந்தப் பார்க் ஒயர் ஒன்றை மட்டும் வெட்ட வேண்டும். சுவிட்சுப் பக்கத்து முனை ரிலேயின் பொது முனைக்கு. மோட்டார் பக்கத்து முனை, ரிலே சும்மா இருக்கும்போது சேர்ந்திருக்கும் முனைக்கு. மூன்றாவது முனைக்குச் சாவி போட்டால் வரும் 12 வோல்ட், அதுவும் ஃபியூஸ் வழியாக. ரிலே அரை விநாடி இழுத்துவிட்டால் போதும், கை கிளம்பிவிடும். மீதிச் சுற்றைப் பார்க் சுவிட்ச் பார்த்துக்கொள்ளும். பழைய இரண்டு வேகமும் அப்படியே இருக்கும். நான் செய்த பெட்டி பழுதானாலும் வைப்பர் நிற்காது என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

பார்க் ஒயர் எது என்று கண்டுபிடிக்க வைப்பரை மெதுவேகத்தில் ஓடவிட்டு, டெஸ்ட் லாம்பால் ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பாருங்கள். கை கீழே வரும்போதெல்லாம் ஒரு கணம் அணைந்து திரும்ப எரிந்தால் அதுதான்.

ரிலேயை இயக்க 555 டைமர் என்ற, நேரம் கணக்கிடும் சிப். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 7.5 கிலோ ஓம், 22 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், இடைவெளியை மாற்ற 100 கிலோ ஓம் குமிழ் ஒன்று. ரிலே காயிலின் குறுக்கே கட்டாயம் ஒரு டயோடு. இழுப்பு அரை விநாடி, இடைவெளி 2 முதல் 9 விநாடி வரை. முதலில் இழுப்பை ஒன்றரை விநாடி வைத்திருந்தேன். என் மோட்டார் ஒரு சுற்றை அதற்குள் முடித்துவிடுவதால், ஒரு துடைப்பு கேட்டால் இரண்டு வந்தது.

கெப்பாசிட்டரை வைத்து நேரம் கணக்கிடும் வைப்பரை உருவாக்கியவர்களில் ஒருவர் ராபர்ட் கேர்ன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1964-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கண் இமைப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு இது தோன்றியதாம். தூறலில் ஓட்டும்போது அது எவ்வளவு பொருத்தம் என்று தெரிகிறது. துடைப்பு நடப்பதே கவனத்தில் படுவதில்லை.

ஒரு குறை. குமிழை 9 விநாடியில் வைத்துச் சுவிட்சைப் போட்டால் முதல் துடைப்பு வர 14 விநாடி ஆகும். கெப்பாசிட்டர் முதல் தடவை காலியிலிருந்து நிரம்ப வேண்டுமே! அதனால் போட்டதும் பழைய சுவிட்சைத் தட்டி ஒரு துடைப்பு கொடுத்துவிடுவேன்.

ரப்பர் முன்பைவிட நன்றாக உழைக்கிறது. காய்ந்த கண்ணாடியில் தேய்வது நின்றுவிட்டதே, அதன் பலன். இரண்டாம் மழைக்காலத்தில் கை மெதுவாக ஏறியது. மோட்டாரைச் சந்தேகித்தேன், பார்த்தால் எர்த் போல்ட்டில் துரு. சுரண்டிவிட்டு இறுக்கியதும் சரியானது. மூன்றாம் வருடம்தான் பெட்டியில் வேலை வந்தது. இடைவெளி தானாகக் குறைந்தது. குளிர்ந்த காலைகளில் ரிலே 'டிக்' என்னும், கை அசைந்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் சூட்டில் கெப்பாசிட்டர் வறண்டு, இழுப்பு நேரமும் சுருங்கியிருந்தது. நான் போட்டிருந்தது 85 டிகிரி சூடுவரை தாங்கும் ரகம். 105 டிகிரி ரகத்துக்கு மாற்றிய பின் தொல்லை இல்லை. செய்பவர்கள் முதலிலேயே அதைப் போட்டுவிடுங்கள்.

எல்லாப் பழைய வண்டிக்கும் இது பொருந்தாது. எஞ்சின் வெற்றிடத்தில் ஓடும் வைப்பருக்கு மின்சார மோட்டாரே கிடையாது. கையைக் கண்ணாடிக்குக் கீழே ஒளித்து வைக்க மோட்டாரைப் பின்னோக்கிச் சுற்றும் வண்டிகளும் உண்டு, அவற்றின் ஒயரிங் வேறு. அப்படிப்பட்ட வண்டி என்றால் மேலே சொன்ன இணைப்பைப் போட வேண்டாம்.