சப்தபதியா, சங்கக்கால முறையா? பெங்களூரு தமிழ் ஜோடிகளுக்கு

மரபும் வேண்டும், பெண்ணைத் 'தானம்' கொடுக்கவும் கூடாது என்று தவிக்கும் அல்சூர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு வழி உண்டு: தீயின் முன் இருவரும் ஏழு அடி வைக்கும் சப்தபதி, அகநானூற்றில் வரும் சங்கக்காலத் திருமண முறை.

சட்டம் (பலர் சறுக்குவது இங்கேதான்)
சப்தபதி: 1955 இந்து திருமணச் சட்டம், பிரிவு 7. ஏழாவது அடி வைத்ததும் திருமணம் முழுமை. கன்னிகாதானம் அவசியமில்லை என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது.
சங்க முறை: மாலை மாற்றினாலே செல்லும் என்னும் 7ஏ பிரிவு, அதே இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் கொண்டுவந்த திருத்தம்; கர்நாடகத்துக்குப் பொருந்தாது. அதனால் 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி பதியுங்கள். அறிவிப்பு கொடுக்கும் மாவட்டத்தில் இருவரில் ஒருவராவது அதற்கு முன் 30 நாள் குடியிருக்க வேண்டும். பிறகு திருமண அதிகாரியிடம் 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சிகள். அறிவிப்பு கொடுத்து மூன்று மாதம் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. மண்டபத்துக்கு முன்பணம் கட்டுமுன் அறிவிப்பைக் கொடுத்துவிடுங்கள்.

மரபு
சப்தபதி: தாத்தா பாட்டிக்குப் பழகிய சடங்கு.
சங்க முறை: அகநானூறு 86ஆம் பாட்டில் வேள்வித் தீயும் இல்லை, புரோகிதரும் இல்லை. உளுந்து சேர்த்த களி, புதுமணல் பரப்பிய பந்தல், பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டும் நான்கு பெண்கள்.

சமத்துவம்
சப்தபதி: இருவரும் அருகருகே நடக்கட்டும், ஒவ்வோர் அடிக்கும் தமிழில் பொருள் சொல்லும்படி புரோகிதரிடம் கேளுங்கள்.
சங்க முறை: இதுவும் குறையற்றதல்ல. நீராட்டுவோர் மகனைப் பெற்றவர்கள் என்கிறது பாட்டு. கைம்பெண்ணான அத்தையையும் பிள்ளையில்லாத சித்தியையும் அந்த நால்வரில் சேருங்கள், மணமகனையும் நீராட்டுங்கள்.

தேதி நெருங்கிவிட்டது, இருவரும் இந்துக்கள் என்றால் சப்தபதி. வேறு மதத்தவரை மணப்பவர்களுக்கும், புரோகிதரே வேண்டாம் என்பவர்களுக்கும் சங்க முறை.