பழைய செரோ 225: திருமலையில் திருத்துவதா, மாற்றுவதா?

சைலன்சரால் நீலப்புகை வந்தால் "பைக் முடிஞ்சுது" என்று விற்கக் கிளம்புகிறவர்கள் திருகோணமலையில் அதிகம். யமஹா செரோ 225 விடயத்தில் அது தலைகீழான கணக்கு. எஞ்சின் புகைப்பது காசோடு தீரும் வியாதி. செசி, அதாவது பைக்கின் இரும்புச் சட்டம், கறள் பிடித்து உள்ளுக்குள் உக்கிப்போவதுதான் தீராதது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்று கிடக்கிற ஊரில் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.

1985இல் ஜப்பானில் அறிமுகமான பைக் இது. காற்றால் குளிரும் 223 சிசி எஞ்சின், ஆறு கியர், முன்னுக்கு 21, பின்னுக்கு 18 அங்குல ரிம். பட்டனை அழுத்திக் கிளப்பும் செல் ஸ்ரார்ட் 1989இல் வந்தது. 1993 மாடலில் பின் டிஸ்க் பிறேக்கும் 10 லீற்றர் ராங்கும் சேர்ந்தன. 2005இல் 250 சிசி மாடல் இதன் இடத்தைப் பிடித்தது. ஆகவே இன்று கையில் கிடைக்கிற மிகப் புதிய 225கூட இருபது வயது தாண்டியதுதான். உலர்நிறை நூறு கிலோவைச் சற்றே தாண்டும். குச்சவெளி மணலிலோ வெருகல் பக்கச் சேற்றிலோ புதைந்தால் ஓராளாகவே பின்சில்லைத் தூக்கித் திருப்பி வைக்கலாம். இந்த வசதிக்கு ஈடான புதுப் பைக் இப்போதும் சந்தையில் இல்லை. திருத்துவதைப் பற்றி யோசிப்பதற்கே காரணம் அதுதான்.

செசியைப் பார்க்க சீற், பக்க மூடிகள், பெற்றோல் ராங்க் மூன்றையும் கழற்றவேண்டும். 10, 12 இலக்கச் சாவிகள் போதும், அரைமணி நேர வேலை. ராங்குக்குக் கீழே ஓடும் முதுகுக் குழாய், எஞ்சினைத் தாங்கும் கீழ்க் குழாய்கள், பின் சொக் பூட்டும் இடம், பக்க ஸ்ராண்டும் கால்மிதியும் ஒட்டியிருக்கும் வெல்டிங் மூலைகள் ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். உக்கிய இடத்தில் சத்தம் அடைத்துப் போகும், பெயின்ற் செதிலாகக் கொட்டும். சந்தேகமான இடத்தைக் கூரான ஸ்குரூ டிரைவரால் அழுத்துங்கள். நுனி இறங்கினால் பேச்சு முடிந்தது. மேலே தகடு வைத்து வெல்டிங் அடித்து விற்பதும் நடக்கிறது. குழாயின் உட்புறம் உக்கியிருக்கையில் ஒட்டுப்போட்டால், அடுத்த பள்ளத்தில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே வெடிக்கும்.

அடுத்தது பின்சில்லைப் பிடித்திருக்கும் சுவிங் ஆமைச் செசியோடு பூட்டும் போல்ட். நட்டைக் கழற்றியதும் சாதாரண சுத்தியல் அடிக்கு அது நகரவேண்டும். நகராவிட்டால் போல்ட்டும் உள்ளே இருக்கும் புஷ்ஷும் கறளால் ஒட்டிவிட்டன என்று அர்த்தம். கறள் இளக்கும் ஸ்பிரே அடித்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள், பிறகு சூடு காட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் வெட்டித்தான் எடுக்கவேண்டும். சுவிங் ஆமையும் சேர்த்துத் தேடவேண்டி வந்தால் செலவுக் கணக்கு வேறு பக்கம் சாயத் தொடங்கும்.

செசி தேறினால் இனி புகைக்கு வரலாம். எப்போது புகைக்கிறது என்பதுதான் கேள்வி. இரவு நிறுத்தி விடியற்காலை ஸ்ரார்ட் பண்ணும்போது மட்டும் ஒரு கொத்துப் புகை வந்து ஓய்ந்தால் வால்வ் சீல். இறக்கத்தில் அக்சிலேற்றரை மூடிவந்து மறுபடி திறக்கும்போது வந்தாலும் சீல் அல்லது வால்வ் கைட்தான். முறுக்க முறுக்கத் தொடர்ந்து வந்தால் ரிங், பிஸ்டன், போர் (சிலிண்டரின் உட்சுவர்). இதை உறுதிப்படுத்த, அக்சிலேற்றரை முழுக்கத் திறந்துவைத்து கொம்பிரஷன் மானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின் பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அசையாமல் நின்றால் வால்வ் சரியாக இருந்து மூடவில்லை. முதலாவதுக்கு லேத், இரண்டாவதுக்கு ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். "எல்லாத்தையும் இறக்கிப் பார்ப்பம்" என்று தொடங்குகிற கராஜில் இந்த அளவைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

போர் பண்ணுவதில், அதாவது தேய்ந்த சிலிண்டரை உள்ளே வெட்டிப் பெருப்பிப்பதில், அடிக்கடி பிழை விடுவது வரிசையில். சிலிண்டரை முதலில் லேத்துக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடக்கூடாது. மேலளவுப் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு, அதையே அளந்து அதற்கேற்ப வெட்டச் சொல்லவேண்டும். சிலிண்டரின் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்தால் 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா? அப்படியானால் ரிங் மட்டும் மாற்றுவது காசைக் கடலில் போடுவதுதான். வெட்டியபின் ஹோனிங் கல்லால் தேய்த்த குறுக்குக் கோடுகள் கண்ணுக்குத் தெரியவேண்டும். கண்ணாடிபோல் மினுங்கினால் ரிங் சுவரோடு படியாது, எஞ்சின் ஒயில் குடிக்கும்.

ரிங் ஏன் தேய்ந்தது என்பதையும் பார்க்காமல் மூடினால் அடுத்த வருடம் மறுபடி இதே வேலை. இந்தப் பக்கத்துச் செரோக்களில் பெரும்பாலும் குற்றவாளி எயார் பில்டர்தான். ஸ்பொஞ்ச் உக்கி ஓரத்தில் இடைவெளி விழும், அல்லது கழுவியபின் ஒயில் பூசாமல் காய்ந்தபடி மாட்டியிருப்பார்கள். புல்மோட்டைப் பக்கக் கருமணலில் இருப்பது இல்மனைற்று என்ற கனிமம். அதன் தூள் உள்ளே போனால் அரம் வேலை செய்யும். காபரேற்றரையும் ஹெட்டையும் இணைக்கும் ரப்பரில் வெடிப்பு இருந்தாலும் தூசி அதனூடாக உள்ளே போகும். எஞ்சின் ஓடும்போது அந்த இடத்தில் தண்ணீர் தெளியுங்கள். ஐட்லிங் மாறினால் ரப்பர் மாற்றவேண்டியதுதான்.

கீழ்ப்பாகம் கெட்டிருந்தால் நிலைமை வேறு. சிலிண்டரைக் கழற்றியபின், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்ரிங் ரொட்டைப் பிடித்து நேராக மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். மேல்கீழாக இம்மியும் ஆடக்கூடாது. ஆடினால் எஞ்சினை இரண்டாகப் பிளந்து கிராங்கை வெளியே எடுக்கவேண்டும். அத்தோடு இரண்டாவது கியரும் துள்ளி விழுந்தால், அந்த எஞ்சினுக்குச் செலவழிக்காமல் வேறு எஞ்சின் தேடுங்கள்.

மின்சாரப் பக்கத்தில் உப்புக்காற்றின் வேலை வயர் முனைகளில் தெரியும். பச்சையாகப் பூத்த கொனெக்ரர்களைத் துப்புரவாக்காமல், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சிடிஐ பெட்டி போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பாதி நேரம் பிரச்சினை எர்த் வயரில் இருக்கும். எஞ்சினை முறுக்கிப் பெற்றரியில் அளந்தால் 14 வோல்ட்டை ஒட்டி நிற்கவேண்டும். 13ஐத் தாண்டாவிட்டால் எஞ்சினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சுருள் அல்லது ரெகியுலேற்றர். 15ஐத் தாண்டினால் ரெகியுலேற்றர்தான். கிக் இல்லாத மாடலில் இதை அசட்டை செய்தால் காட்டுக்குள் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டி வரும். சிடிஐ உண்மையிலேயே செத்திருந்தால், வேறொன்று கைக்கு வரும்வரை மற்ற எந்தச் சாமானையும் வாங்காதீர்கள்.

முன்சில்லைத் தாங்கும் போர்க்கில் ஒயில் ஒழுகுவது, செயின், ஸ்பொக்கெற், பிறேக், கேபிள் எல்லாம் தேய்மானக் கணக்கு. இவற்றை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை. போர்க் குழாயில் மட்டும் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சீல் ஓடும் பகுதியில் நகம் சிக்கினால் புதுச் சீலும் சில வாரத்தில் கிழியும், குழாய்க்கு குரோம் அடிக்கவேண்டும்.

மாற்றுவதென்றால் என்ன இருக்கிறது? ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 நேரடிப் போட்டி. அதே 21க்கு 18 சில்லு, 220 மி.மீ. தரை இடைவெளி, 13 லீற்றர் ராங்க், எளிதில் கிடைக்கும் சாமான். கண்டி வீதியால் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர், பின்னுக்கு ஆளேற்றுகிறவர், கராஜில் நிற்க நேரமில்லாதவர் இவர்களெல்லாம் தயங்காமல் அதற்குப் போகலாம். ஆனால் பெற்றோலோடு 150 கிலோவைத் தாண்டும். தார் வீதியில் அந்தப் பாரம் தெரியாது, மணலில் விழுத்தி நிமிர்த்தும்போது தெரியும். குட்டையான ஆளுக்கு 823 மி.மீ. சீற் உயரமும் இடைஞ்சல்தான்.

இன்னொரு பழைய செரோவுக்கு மாற்றுவது மூன்றாவது வழி. இது மிகவும் கவனமாகச் செய்யவேண்டியது. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய பைக்கின் விலை அதன் தகுதியைவிட எங்கோ ஏறியிருந்தது. அந்த விலையை இப்போதும் கேட்கிறவர்கள் உண்டு. பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி, எஞ்சின் இலக்கங்களை நேரில் ஒப்பிடாமல் முற்பணம் கொடுக்கவேண்டாம். செசி இலக்கம் கறளில் அழிந்திருந்தாலோ, சுற்றிவர அரைத்த அடையாளம் இருந்தாலோ, எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் விட்டுவிடுங்கள். எஞ்சின் மாற்றிய பைக் என்றால் அந்த மாற்றம் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டுப் புத்தகத்தில் ஏறியிருக்கவேண்டும். "பிறகு ஏத்தலாம்" என்ற பேச்சு வேண்டாம்.

உங்கள் பைக்கின் செசிதான் போய்விட்டதென்றால் அப்படியே இரும்புக் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள். சிடிஐ, காபரேற்றர், கறள் புள்ளி விழாத போர்க் குழாய், சில்லுகள் இவற்றைத் தனித்தனியாகக் கழற்றி வைத்தால், செசி நல்லபடி இருக்கிற இன்னொரு செரோக்காரர் தேடிவந்து வாங்குவார். புத்தகத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.