ஆறு வருடமாக உருளும் பித்தளைத் தாயக்கட்டை

2019 நவராத்திரி சமயம், மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குக் கொலு பொம்மை வாங்கப் போனபோது ஒரு தாயக்கட்ட செட்டும் சேர்த்து வாங்கினேன். துணியில் அச்சடித்த ஏழுக்கு ஏழு கட்டம், நாலு வண்ணத்தில் ஆறாறு மரக்காய், பித்தளையில் இரண்டு தாயக்கட்டை. வேளச்சேரியில் எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் என்றால் இன்றைக்கும் அதை விரித்துவிடுவோம்.

இந்த செட்டின் உயிரே கட்டைதான். கனமானது, உள்ளே கூடு இல்லை. இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஒரு தேய் தேய்த்து உருட்டினால் எழுகிற அந்தக் 'கிணுங்' சத்தத்துக்கே அடுத்த அறையில் இருப்பவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் டைல்ஸ் தரையில் உருட்டக் கூடாது. கீழ்வீட்டில் கைக்குழந்தை இருந்தது, பாவம், தூங்க முடியவில்லை. ஜமுக்காளம் விரித்துப் பார்த்தோம், கட்டை புரளவே இல்லை. கடைசியில் பூஜைக்கு உட்காரும் மனைப்பலகையை ஜமுக்காளத்தின் மேல் போட்டோம், சரியாக வந்தது.

பையன் போனில் லூடோவும் ஆடுவான். பச்சீசி என்கிற நம் பழைய இந்திய ஆட்டத்தின் வழியில் வந்ததுதான் அது. அமெரிக்காவில் பச்சீசியையே பார்ச்சீசி என்று 1874ல் பெயர் பதிவு செய்து விற்றார்கள். லூடோ, தாயம் இரண்டையும் ஆடிப் பார்த்த எனக்குத் தாயம்தான் ஒரு படி மேல். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3 புள்ளி. மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்று, விழுவது இரண்டு விதத்தில்தான், இரண்டு வெறுமையும் சேர்ந்து பன்னிரண்டு ஆவது ஒரே விதத்தில். காய் இறங்கவே தாயம் வேண்டும் என்பதால் அந்த ஒன்றுக்குக் கிடக்கிற தவம் இருக்கிறதே! தாயம், 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். சேர்ந்ததை எந்தக் காய்க்கு எவ்வளவு பிரிப்பது என்பதில்தான் மூளைக்கு வேலை. சின்னவன் கூட்டல் கற்றதே இதில்தான்.

குறை என்றால் முதலில் புள்ளிகள். பித்தளை மங்குகிறதே என்று நானே புளி போட்டுத் தேய்த்தேன். பளபளப்பு வந்தது, குழிகளில் இருந்த கறுப்பு போய்விட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து மூன்று நாள் கரண்ட் இல்லாதபோதுதான் அதன் கஷ்டம் தெரிந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் விழுந்தது இரண்டா மூன்றா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தை கட்டையைப் புரட்டாமல் கட்டைவிரலால் மெதுவாகத் தடவி, "மூணுடா, நகர்த்து" என்பார். பையன் உடனே தானும் ஒருமுறை தடவிப் பார்ப்பான். தண்ணீர் வடிந்த பிறகு குழிகளில் சிவப்பு நகப்பூச்சு வைத்தேன். இன்னும் அப்படியே நிற்கிறது.

துணி ஒரே துவைப்பில் சாயம் விட்டது, இப்போது உதறி மடிப்பதோடு சரி. காயில் இரண்டு தொலைந்து, பதிலுக்கு ஒரு சோழியும் ஒரு புளியங்கொட்டையும் ஓடுகின்றன. செட்டோடு வந்த விதித்தாள் அரைகுறை. எதிராளியின் காயை ஒரு வெட்டாவது வெட்டாமல் நம் காய் உள்சுற்றுக்குப் போகக் கூடாது என்பது அத்தை ஊர் வழக்கம், என் அம்மா வீட்டில் அப்படிக் கிடையாது. முதல் தீபாவளிக்கே இரண்டு பேருக்கும் இதில் மனஸ்தாபம் வந்துவிட்டது. அதனால் உட்காரும் முன்பே பேசிவிடுங்கள். வெட்டு கட்டாயம் என்று ஆடினால் ஒரு ஆட்டம் சுலபமாக இரண்டு மணி நேரம் போகும். வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்க எங்களுக்கு அதுதான் தோது.

வாங்கப் போகிறவர்கள் துணியைப் பார்த்து மயங்க வேண்டாம், கட்டம் சாக்பீஸாலும் போட்டுக்கொள்ளலாம். கட்டையைக் கையில் எடுத்துக் கனம் பாருங்கள். கடையிலேயே பத்துத் தடவை உருட்டுங்கள். ஒரே பக்கமாகச் சாய்ந்தால் வேறு ஜோடி கேளுங்கள்.